தண்ணீர்த் தொட்டியில் எழுதிய ரகசிய எண்

ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதியில் இருக்கிற எங்கள் வெர்ரில் ஊரில் மொத்தம் இருநூற்றுப் பத்துப் பேர். அதில் வங்கிக் கார்டு வைத்திருப்பவர்கள் நூற்று நாற்பது பேர் என்று வைத்துக்கொண்டால், நூற்று முப்பது பேருக்காவது ஒரே பின் நம்பர்தான். 1974. அந்த வருஷம்தான் எங்கள் கால்பந்துக் குழு வட்டாரக் கோப்பையை வென்றது. அதற்கு முன்னும் வென்றதில்லை, பின்னும் வென்றதில்லை. ஊருக்குள் நுழையும் இடத்தில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் அந்த எண்ணை ஆள் உயரத்துக்கு வெள்ளைச் சாயத்தில் எழுதி வைத்திருக்கிறோம், கோதுமை ஏற்றிப் போகிற லாரிக்காரர்களுக்கும் தெரியட்டும் என்று. ஆனால் கடையில் பணம் கட்டும்போது மட்டும் ஒவ்வொருவரும் இடது கையைக் குடை மாதிரி கவிழ்த்து, மறைத்துக்கொண்டுதான் அதை அழுத்துவோம். வங்கி அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறது.

டெஸ்லி இந்த ஊரை விட்டுப் போனதற்கு இந்த எண் பாதிக் காரணம். மீதிப் பாதி நான்.

வங்கிக் கிளையை மூடிய பிறகு எங்களுக்குப் பெரிய கடை, மருந்துக்கடை, பல் வைத்தியர் எல்லாமே தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற நகரத்தில்தான். அதனால் வியாழக்கிழமைதோறும் யாராவது ஒருவர் போவார். போகிறவரிடம் ஊரே கார்டையும் சாமான் பட்டியலையும் கொடுத்தனுப்பும். பின் நம்பர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஐந்து வருஷமாக அந்த வேலையைச் செய்தவள் டெஸ்லி. குயின்ஸ்லாந்திலிருந்து வந்தவள், ஐம்பத்தைந்து வயது, விவாகரத்தானவள். பழைய ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். மருத்துவமனைச் சமையலறையில் பாதி நாள் வேலை. ஒரு வெள்ளை வேன் வைத்திருந்தாள்.

அவள் வேலை செய்கிற விதமே தனி. ஒவ்வொருவருடைய பில்லையும் அவரவர் கார்டைச் சுற்றி உருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்குவாள். சாயங்காலம் நாலு மணிக்கு டப்பாவை அஞ்சலக வராந்தாவில் வைத்துவிட்டு, சாமான்களை இறக்க ஆரம்பிப்பாள். ஐந்து வருஷத்தில் ஐந்து சென்ட் குறைந்ததில்லை.

போன வருஷம் செப்டம்பரில் மருத்துவமனைக் கமிட்டி ஒரு முடிவெடுத்தது. நோயாளிகளை நகரத்துக்கு அழைத்துப் போய்வர, சம்பளத்துக்கு ஒரு நிரந்தர டிரைவர். அது டெஸ்லிக்குத்தான் என்று பேச்சு. நிலையான சம்பளம் வந்தால் அந்த ரொட்டிக்கடைக்காரர் வீட்டை அவளுக்கே விற்றுவிடுகிறேன் என்று வீட்டுக்காரரும் சொல்லியிருந்தார். அந்த மாதம் அவள் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று என்னிடம் கூடக் கேட்டாள். வெளிர் மஞ்சள் என்றேன்.

அதே மாதத்தில்தான் எல்லோருக்கும் புதுக் கார்டுகள் வந்தன. சிப் வைத்த, ஒரே பச்சை நிறக் கார்டுகள். முன்பெல்லாம் பெயர் முன்பக்கத்தில் புடைத்துக்கொண்டு இருக்கும், விரலால் தடவினாலே யாருடையது என்று தெரிந்துவிடும். இப்போது பின்பக்கத்தில், எறும்பு வரிசை மாதிரி, சாம்பல் நிறத்தில்.

அந்த வியாழக்கிழமை நான் சீக்கிரமே வராந்தாவுக்குப் போய்விட்டேன். டெஸ்லி வேனில் ஏதோ பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். என் கார்டு இருக்கிறதா என்று பார்க்கத்தான் டப்பாவைத் திறந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னுடையதைப் பிரித்து பில்லைச் சரிபார்த்தேன். பக்கத்தில் மெர்வ் ட்ரெகென்சாவின் பட்டியலும் கார்டும் இருந்தன. மெர்வ் எழுபத்திநாலு அணியில் ஆடியவன், இப்போது எழுபத்திரண்டு வயது, மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவனுடைய பில்லையும் பிரித்தேன். பாதத்துக்குத் தடவுகிற களிம்பு. பிறந்தநாள் வாழ்த்து அட்டை ஒன்று. நல்ல விலையில் சாக்லேட் பெட்டி. யாருக்கு? அதை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மருத்துவமனைக் கமிட்டித் தலைவி நோரீன் படியேறி வந்துவிட்டாள். அவசர அவசரமாக இரண்டையும் உருட்டி, ரப்பர் பேண்டு மாட்டி, ஒன்றை டப்பாவில் போட்டேன், ஒன்றைக் கைப்பையில் போட்டேன்.

என்னுடையதைத்தான் எடுத்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் ரொட்டி வாங்கினேன், கருவிமேல் கார்டைக் காட்டினேன், பீப் என்றது. பெரிய தொகைக்கு 1974 அழுத்தினேன், சரி என்றது. பெயரைப் பார்க்க யார் கேட்டார்கள்? முன்பு கடைக்காரர்கள் கார்டை வாங்கித் திருப்பிப் பார்ப்பார்கள். இப்போது அவர்கள் நம் கார்டைத் தொடுவதுகூட இல்லை. மதுக்கடையில் இருக்கிற ஏடிஎம்மில் இருப்பைப் பார்த்தேன். பதினோராயிரத்து நானூற்று இருபது டாலர்! ஆலங்கட்டி மழையில் போன கூரைக்கு இன்சூரன்ஸ்காரர்களோடு எட்டு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவழியாகக் கொடுத்துத் தொலைத்தார்கள் என்று நினைத்தேன். வங்கியிலிருந்து கடிதம் வருமே, அதைத் திறக்கவில்லையா என்று கேட்பீர்கள். சொந்தக் கடிதத்தில் என்ன சுவாரசியம் இருக்கிறது?

ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன். பெர்த்தில் இருக்கிற தங்கையைப் பார்த்துவர விமான டிக்கெட் எடுத்தேன். கடைவாய்ப் பல் ஒன்றைச் சரிசெய்தேன். வாஷிங் மெஷினை நகரத்திலிருந்து தன் வேனில் ஏற்றிவந்து, என் வீட்டுப் பின்கட்டு வரை தள்ளிக்கொண்டு வந்து, குழாயையும் மாட்டிக் கொடுத்தவள் டெஸ்லி.

நவம்பரில் அறுவடை. மெர்வ் தன் தம்பி மகனுக்குத் தானிய வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை மதுக்கடைக்கு வந்தான். அன்று ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாக வைத்து நடக்கிற சீட்டுக் குலுக்கல், அதனால் ஊரில் பாதி அங்கேதான் இருந்தது. மெர்வ் ஏடிஎம் முன்னால் போய் நின்றவன் நின்றுகொண்டே இருந்தான்.

"யோவ் மெர்வ், என்ன, மெஷின் உன்னைக் கட்டிக்கறேன்னு சொல்லுதா?" என்றேன்.

அவன் திரும்பாமலே, க்ளெனிஸ் என்கிற என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டான். "க்ளென், இங்க வாயேன். இது என்ன எழுதியிருக்கு? எனக்குக் கண்ணாடி இல்ல."

பார்த்தேன். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.

"பதினொண்ணு இருக்கணுமே," என்றான் மெதுவாக. "காளைங்கள வித்த பணம். தொடவே இல்லியே நான்."

"உன் கார்டு யார் கைக்குப் போச்சு?"

"யார் கைக்கும் போகல. வியாழக்கிழமை மட்டும் டெஸ்லி கையில."

அவன் அதைக் கள்ளமில்லாமல்தான் சொன்னான். நான்தான் "ஓ" என்றேன். அந்த "ஓ"வை நான் எப்படி இழுத்தேன் என்பது எனக்குத் தெரியும். பின்னால் நின்ற நோரீனுக்கும் தெரிந்தது.

குலுக்கல் முடிவதற்குள் நோரீன் என் முழங்கையைப் பிடித்துவிட்டாள். "என்னடி? சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. அவ வேனுக்கு நாலு புது டயர் போட்டிருக்கா, அதப் பாத்தியா?"

"ஆமா! நாலும் புதுசு."

"அவ்ளோதான். நான் வேற எதுவும் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது. நோரீனிடம் சொன்ன அதையே மறுநாள் அஞ்சலகத்திலும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வெளியே மூன்று பேரிடம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் "யார்கிட்டயும் சொல்லாத" என்ற வால் சேர்த்துத்தான்.

மெல்பர்னிலிருந்து மெர்வின் மகள் ஜனீன் எனக்கே தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, வங்கிக்காரங்க எங்கிட்டப் பேச மாட்டேங்கறாங்க. அப்பாதான் பேசணுமாம். அப்பா நாப்பது நிமிஷம் பாட்டு கேட்டுட்டுப் போன வெச்சிட்டாரு. அறுவடை முடியட்டும்கறாரு. போலீசுக்காவது போகச் சொல்லுங்களேன்."

"அவன் போக மாட்டான் கண்ணு," என்றேன். "அவனுக்கு இளகின மனசு." அதிலும் ஒரு இழுப்பு இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை டெஸ்லியிடம் நாலு கார்டு வந்தது. அதற்கடுத்த வாரம் ஒன்று. அதற்குப் பிறகு யாரும் கொடுக்கவில்லை. அவள் வழக்கம்போல் காலை எட்டு மணிக்கு வராந்தாவில் டப்பாவோடு ஒரு கால் மணி நேரம் நின்றாள். பிறகு மூடியைப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதையும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே எதுவும் பேசுகிற பழக்கம் கிடையாது.

டிசம்பரில் கமிட்டி கூடியது. நோரீன் என்னிடம் சொன்னாள்: "யாரும் எதையும் நிரூபிக்கல, க்ளெனிஸ். நானும் அவ திருடின்னு சொல்லல. ஆனா நோயாளிங்க கைப்பையெல்லாம் அந்த வண்டியிலதான இருக்கும்? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க தலையில்ல உருளும்?"

டிரைவர் வேலை பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குப் போனது. வீடு வாங்குகிற பேச்சும் அதோடு நின்றது. ஜனவரிக் கடைசியில் காலி செய்வதாக டெஸ்லி வீட்டுக்காரருக்குக் கடிதம் கொடுத்தாள்.

ஜனவரி மூன்றாவது வாரம் வங்கியிலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள், புதுக் கார்டுகளை எப்படிப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர. ஊர் மண்டபத்தில் முப்பது பேர் கூடினோம், பாதிப் பேர் அவள் கொண்டுவந்த கேக்குக்காக.

நன்றாகத்தான் பேசினாள். சிப்பைச் சொருகினால் மெஷின் எடுக்கச் சொல்லும்வரை எடுக்காதீர்கள் என்றாள். நூறு டாலருக்குக் கீழே என்றால் கார்டை மெஷின்மேல் காட்டினாலே போதும், ஆனால் தொகையைப் பார்த்துவிட்டுக் காட்டுங்கள். பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள், பெற்ற பிள்ளையிடம்கூட.

"பிறந்த வருஷம், கல்யாண நாள் இதெல்லாம் வெக்காதீங்க. மத்தவங்க யூகிக்கிற மாதிரி எதுவும் வேணாம்."

பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்: "கோப்பை ஜெயிச்ச வருஷம் வெக்கலாமா, அம்மணி?"

மண்டபமே சிரித்தது. அவளுக்குப் புரியவில்லை. யாரோ ஜன்னலைக் காட்ட, அவள் எட்டித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். திரும்பி எங்களைப் பார்த்தாள். "எத்தனை பேரு?" என்றாள். ஒரு கை உயர்ந்தது, பிறகு ஒன்று, பிறகு ஏறக்குறைய எல்லாக் கைகளும். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சரி," என்றாள். "அப்ப முதல்ல இதச் செய்யுங்க. கார்டத் திருப்பி, அதுல இருக்கறது உங்க பேருதானான்னு பாருங்க."

"எங்க பேரு எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று நான்தான் சொன்னேன். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினேன்.

எம். ஜே. ட்ரெகென்சா.

முதலில் அது ஏதோ வங்கியின் பெயர் என்றுகூட நினைத்தேன். அப்புறம் வராந்தாவும் டப்பாவும் பிரித்துவைத்த இரண்டு பில்களும் ஞாபகத்துக்கு வந்தன. வாஷிங் மெஷின் வந்தது. விமான டிக்கெட் வந்தது. அப்புறம் டெஸ்லி.

மெர்வ் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தான். கார்டை எடுக்கவே இல்லை, கண்ணாடியும் கொண்டுவந்திருக்கவில்லை. நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் வீட்டுக்குப் போய், ஏதாவது சாக்குச் சொல்லி அவன் கார்டை வாங்கி, மாற்றி வைத்துவிடலாம். செலவழித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் கணக்கில் போட்டுவிடலாம். வங்கி தவறைத் திருத்திவிட்டது என்று அவன் நினைத்துக்கொள்வான். யாருக்கும் தெரியாது. ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிக்கிற நேரம் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேநீர் தீர்ந்தது. மெர்வை வெளியே கூப்பிட்டேன்.

"உன் கார்டக் குடு."

"எதுக்கு? நீயும் எடுக்கப் போறியா?"

"எடுத்தாச்சு, மெர்வ்." இரண்டு கார்டையும் அவன் உள்ளங்கையில் வைத்து, என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். "படி."

படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். என் பூப்போட்ட கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கி வர, பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்ப இத்தன நாளா உன் காசுலதான் நான் பீர் குடிச்சேனா? என் காசுல நீ பல்லக் கட்டினியா?"

"ஆமாய்யா."

சிரிப்பு அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றினான்.

"நான் அவ வீட்டுக்குப் போனேன் க்ளென். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி."

"போயி?"

"பணம் வேணும்னா கேட்டிருக்கலாமேன்னு சொன்னேன். பரவால்ல, நான் மனசுல வெச்சுக்கலன்னு சொன்னேன். பெரிய மனசு பண்றதா நெனப்பு எனக்கு."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. டீ போட்டுக் குடுத்தா."

இருவரும் நேராக அங்கேதான் போனோம். கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. டெஸ்லி நாற்காலியைக்கூடக் காட்டவில்லை, நின்றுகொண்டே கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கார்டுகளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"டப்பாவ நீங்க திறந்தீங்களா?"

"திறந்தேன்."

"எதுக்கு, க்ளெனிஸ்?"

"மெர்வ் என்ன வாங்கினான்னு பாக்க."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே. அந்த சாக்லேட் எனக்குத்தான். செப்டம்பர் இருபத்தொண்ணு என் பொறந்தநாள்."

மெர்வ் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தான். "டெஸ்லி, நான் வந்து..."

"நீங்க என்னைத் திருடின்னு நெனச்சீங்க மெர்வ். சரி, அது கூடப் போகட்டும். நெனச்சுட்டு, பரவால்லன்னு சொன்னீங்க." குரலை உயர்த்தவே இல்லை. "நான் இல்லன்னு சொல்ல எனக்கு ஒரு வழி வெக்கலியே நீங்க. ஒரு கேள்வியாவது கேட்டிருந்தீங்கன்னா பதில் சொல்லியிருப்பேன்."

அவள் கார்டுகளை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"சரி. ஊருக்கு யார் சொல்றது?"

"நான் சொல்றேன்," என்றேன். "இன்னிக்கே. நீ பெட்டியப் பிரி."

அவள் பெட்டியைப் பிரிக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவள் டேப் ஒட்டுவதை நிறுத்தியிருந்தாள் என்பதை நான் கவனித்தேன்.

ஒரு சாயங்காலத்தில் ஊர் முழுக்கச் செய்தி பரப்பத் தெரிந்தவள் நான். இதுவும் அப்படித்தான் ஓடும் என்று நினைத்தேன். வீடு வீடாகப் போனேன். கதவைத் திறந்தார்கள், கேட்டார்கள், "அடப்பாவமே" என்றார்கள். அப்புறம் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்.

"அப்ப அந்த டயரு?"

"அது அவ சம்பளத்துல வாங்கினது! நாலு டயரும் தேஞ்சு போச்சு, வாங்கினா. வாராவாரம் உங்களுக்காகத்தான ஓட்டினா!"

"ஓ," என்றார்கள். நான் சொன்ன அதே "ஓ". எனக்கு அது நன்றாகவே அடையாளம் தெரிந்தது.

நோரீன் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன்.

"வேலை குடுத்தாச்சேடி," என்றாள். "அந்தாளுக்கு யூனிஃபார்ம் சட்டைகூட வந்தாச்சு. இனிமே எப்படி இல்லங்கறது?"

"வேலை இல்லன்னாலும் அவ பேரு இருக்குல்ல? கமிட்டியில எழுந்து சொல்லு, நோரீன். தப்பு நம்மளுதுன்னு ஒரு வார்த்த."

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "கார்ட மாத்தி வெச்சவ அவளாத்தான் இருப்பா. நீ நல்லவ, க்ளெனிஸ். அவளக் காப்பாத்தப் பழியத் தூக்கி உன் மேல போட்டுக்கற."

"நான்தாண்டி மாத்தினேன்! நீ படியேறி வரும்போது டப்பா என் மடியில இருந்துச்சு!"

"சரி சரி," என்றாள் நோரீன் கனிவாக. "டீ குடிக்கறியா?"

அறுபத்தாறு வருஷத்தில் என்னை நல்லவள் என்று ஒருவர் நம்பியது அன்றுதான். எவ்வளவு சொல்லியும் அந்த நம்பிக்கையை என்னால் கலைக்க முடியவில்லை.

வங்கியில் கணக்கைச் சரிசெய்துவிட்டோம். மெர்வுக்கு மாதாமாதம் கொடுக்கிறேன், வாஷிங் மெஷின் இப்போது அவன் வீட்டில் ஓடுகிறது. ஊரில் எல்லோரும் பின் நம்பரை மாற்றிக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் கார்டு கொடுத்தனுப்புவதில்லை. வங்கிப் பெண் கேட்டால் சந்தோஷப்படுவாள்.

ஒரு வாரம் கழித்து டெஸ்லியிடம் போய், சொல்லிவிட்டேன் என்றேன். "தெரியும்," என்றாள். "கடையில எல்லாரும் இப்ப ரொம்ப அன்பாப் பேசறாங்க. சில்லறைய ரெண்டு தடவ எண்ணிக் குடுக்கறாங்க."

"இரேன், டெஸ்லி. ஆறு மாசத்துல மறந்துடுவாங்க."

"மறப்பாங்க. திரும்ப ஏதாவது தொலஞ்சா ஞாபகம் வரும்."

அவள் ஒரு புதன்கிழமை கிளம்பினாள். நான் சாண்ட்விச் கட்டிக்கொண்டு போனேன், வாங்கிக்கொண்டாள். நான் பெட்டி தூக்கப் போனபோது மட்டும் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கூடம் காலியாக இருந்தது. ஒரு சுவரில் மட்டும் கையகலத்துக்கு வெளிர் மஞ்சள் பூசிப் பார்த்திருந்தாள்.

"மெர்வுக்கு மாத்திரை அடுத்த வாரம் தீருது," என்றாள், வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு. "அவரா வாங்க மாட்டாரு. சொல்லுங்க."

"சொல்றேன்."

வேன் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மெர்வ் வந்தான். முகம் மழித்திருந்தான், சட்டை இஸ்திரி போட்டிருந்தான், காதோரம் சோப்பு நுரை காய்ந்திருந்தது.

"போயிட்டாளா?"

"போயிட்டா. வடக்கு ரோடு. வேன் மெதுவாத்தான் போவும், இப்பக் கெளம்பினா எல்லைக்கு முன்னாடி பிடிச்சிடலாம்."

அவன் ரோட்டைப் பார்த்தான். அவன் வண்டிச் சாவி கையில்தான் இருந்தது.

"பிடிச்சு என்ன சொல்றது, க்ளென்? நீ சொல்லு. உனக்குத்தான் பேச வருமே."

யோசித்தேன். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. பிறகு சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.